எங்கள் ஊர்ச் சுவர்களில் வாழ்ந்த கலைஞர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த கார்த்திகை மாதத்தில் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில், சேரன்மகாதேவியைச் சேர்ந்த முதிய பெயிண்டர் ஒருவர் தமது 78ஆம் வயதில் காலமானார் என்று இரண்டு வரியில் ஒரு செய்தி வெளியாகியிருந்தது. செய்தியில் பிழை ஒன்றும் இல்லை. அவர் பெயிண்டர்தான், ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோரும் அவரைப் பெயிண்டர் அண்ணாச்சி என்றே அழைத்தோம். ஆனாலும் அந்த இரண்டு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தாமிரபரணிக் கரை ஊர்களின் சுவர்களிலும் பலகைகளிலும் நாடகத் திரைகளிலும் வரைந்தவர். அதே ஐம்பது ஆண்டுகளும் ஊர்க் கோயில்களின் கொடை விழா இரவுகளில் விடிய விடிய ஆர்மோனியம் வாசித்தவர். ஓவியம், இசை என்ற இரண்டையும் எந்தப் பள்ளியிலும் சேராமல் தாமே கற்றுத் தேர்ந்தவர். அவரைப் பற்றிச் சற்று விரிவாக எழுதவும், எழுதியபின் ஒரு வேண்டுகோளை வைக்கவும் தங்கள் பத்திரிகையில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தம் படைப்பு எதிலும் அவர் தம் பெயரை எழுதியதில்லை. "பேரு என்னத்துக்கு சார்வாள், கடைக்காரர் பேரு தெளிவாத் தெரிஞ்சாப் போதும்லா" என்பார். அந்த எண்ணத்தை மதித்து நானும் இங்கே ஊர் அழைத்த பெயரையே பயன்படுத்துகிறேன். பெயருக்குப் பதிலாகப் படத்தின் வலது கீழ் மூலையில் மூன்று பச்சைக் கோடுகளை, நுனி சற்றே சாய்ந்த மூன்று கோரைத் தாள்களாக, இழுத்து வைப்பார். அந்த மூன்று கோரையும் இருந்தால் அது அண்ணாச்சியின் கை என்று எங்கள் பக்கத்தில் தெரியும்.

கோரைக்குக் காரணம் உண்டு. அவர் பிறந்தது கடையத்துக்கு அருகே ஒரு சிற்றூர். விவரம் தெரியுமுன்பே தந்தையார் தவறிவிட, தாயார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாம் பிறந்த பத்தமடைக்கே வந்து சேர்ந்தார். அங்கே பாய் நெய்யும் வீடுகளில் கோரை கிழித்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. மகனின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பத்தமடைப் பட்டுப்பாயில் மணமக்களின் பெயரை நெய்து தருவது வழக்கம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதுகோலோ தூரிகையோ இல்லாமல், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோரையையும் நூலையும் எண்ணி எண்ணியே எழுத்தை உண்டாக்குகிற வேலை அது. தாயாரின் அருகில் உட்கார்ந்து அந்தப் பையன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். பல ஆண்டுகள் கழித்து என்னிடம் அதைச் சொன்னபோது அவர் குரலில் அன்று கண்ட வியப்பு அப்படியே இருந்தது. "பாயில எழுத்து வளையாது சார்வாள், படி படியாத்தான் ஏறும். தள்ளி நின்னு பாத்தா வளைஞ்சாப்புல தெரியுதுல்லா, அது நம்ம கண்ணு செய்யுத வேலை" என்றார். ஓவியக் கல்வியின் முதல் பாடத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கட்டம் எண்ணப் பழகிய கண்ணுக்கு அடுத்து அகப்பட்டது காலண்டர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, பின்னர் நாடகக் குழு ஒன்றுக்குத் திரை வரைந்து, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்ட சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, கடை கடையாக, வீடு வீடாகத் தொங்கிய காலம் அது. கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்து கற்றுக்கொள்ள அந்தத் தாய்க்கும் மகனுக்கும் வசதியில்லை. ஆண்டு முடிந்ததும் கடைக்காரர் கழற்றிப் போடும் காலண்டரை வாங்கி வந்து, முருகன் முகத்தின் மேல் பென்சிலால் சிறு கட்டங்கள் கீறி, பத்தமடை ஆற்றங்கரை மண்டபத்தின் தரையில் கரித்துண்டால் பெரிய கட்டங்கள் போட்டு, ஒரு கட்டத்தில் உள்ளதை மறு கட்டத்தில் ஏற்றிப் பெரிதாக்கியிருக்கிறார். இந்த முறைக்கு ஒரு பெயர் உண்டு, உலகம் முழுவதும் ஓவியர்கள் கையாள்வது என்பதெல்லாம் அவருக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். பாயில் பார்த்ததைத் தரையில் செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து வயதளவில் ஊர் ஊராகச் செல்லும் ஒரு நாடகக் குழுவோடு கிளம்பிவிட்டார். திரை வரைபவருக்கு எடுபிடி வேலை. வஜ்ஜிரப் பசை காய்ச்சி, வண்ணப்பொடியை அதில் கரைத்து, ஆறிவிடாமல் சூடாகவே எடுத்துக் கொடுக்க வேண்டும். அரண்மனைத் திரை, காட்டுத் திரை, தெருத் திரை என்று விரித்த துணியின் மேல் கால் படாமல் நடக்க வேண்டும். திரைக்காரர் எதையும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் தூரத்திலிருந்து விளக்கொளியில் பார்ப்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை இவர் எடுபிடியாக இருந்தே கற்றார். கிட்டே நின்று பார்த்தால் வெறும் நான்கு கோடாக இருக்கும் தூண், கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பளிங்குத் தூணாகத் தெரிய வேண்டும். பிற்காலத்தில் பேருந்தில் போகிறவர் ஓடும் வண்டியிலிருந்தே படிக்கும்படி இவர் விளம்பரச் சுவர் எழுதியதற்கு அடித்தளம் அந்தத் திரைகள்தாம்.

இரண்டு ஆண்டில் குழு நொடித்துப் போனது. பல மாதக் கூலி பாக்கி. கூலிக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது நாடக மேடையில் பின்பாட்டுக்காரர் மிதித்து வாசிக்கும் பழைய கால் ஆர்மோனியம் ஒன்று. துருத்தி கிழிந்து, பாதி ரீடுகள் துருவேறி ஊமையாக இருந்த பெட்டி. அதைத் தலைச்சுமையாகப் பத்தமடைக்குக் கொண்டு வந்தவருக்கு ஏழு சுரங்களின் பெயர் தெரியுமே தவிர எந்தக் கட்டை எந்தச் சுரம் என்று தெரியாது.

இனி நான் சொல்லப் போவது, அவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பிரித்துக் காட்டியபோது நேரில் கண்டது. ரீடு என்பது பித்தளைச் சட்டத்தில் ஒரு முனை மட்டும் தறைந்த மெல்லிய நாக்கு. காற்று பட்டால் அது அதிர்ந்து ஒலிக்கும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கம் தறையருகே சுரண்டினால் இறங்கும். இதை அவருக்குச் சொல்லித் தர யாரும் இல்லாததால் முதலில் பல நாக்குகளை முறித்தே கண்டுபிடித்தார். பஜனை மடத்துச் சுருதிப்பெட்டியை இரவல் வாங்கி வந்து, அதையும் தம் ரீட்டையும் ஒருசேர ஒலிக்கவிட்டு உற்றுக் கேட்டிருக்கிறார். இரண்டும் சற்றே வேறுபட்டால் ஒலியில் அலை அலையாக ஒரு நடுக்கம் எழும். சுருதி நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகி, சேர்ந்ததும் முற்றாக அடங்கிவிடும். "ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டே வரும் சார்வாள். சண்டை எந்த எடத்துல ஓயுதோ அங்க கையை எடுத்திரணும்" என்று சொல்லிவிட்டு, சவரத் தகட்டின் முனையால் நாக்கை ஒரே ஒரு முறை தொட்டார். திண்ணை முழுவதும் அந்த ஒரு சுரம் நின்றது. ஒரு பெட்டியைப் பழுது பார்க்கப் போய் இசையின் அடிப்படையையே ஒருவர் கற்றுக்கொண்ட கதை இது.

இராகங்களை அவர் கற்றது தேநீர்க் கடை வானொலியில். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கியது. அந்நாளில் வானொலியில் ஆர்மோனியத்துக்கு இடமே கிடையாது. அசையாத பன்னிரண்டு சுரங்களைக் கொண்ட அந்தக் கருவி சுரங்களை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் நம் இசையின் கமகங்களுக்குப் பொருந்தாது என்று கூறி 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்திருந்தது. ஆகவே தம் கருவியை வானொலியில் வாசிக்க யாரையும் இவர் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் நாகஸ்வரம், அதிலும் பக்கத்து ஊர்க்காரரான காருகுறிச்சி அருணாசலம். 1964இல், நாற்பத்து மூன்று வயதுக்குள் அந்த மேதை மறைந்தபின்பும் இசைத்தட்டுகளில் அவர் வாசிப்பு ஒலித்துக்கொண்டே இருந்தது. நாகஸ்வரத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுகிப் போகும் அழகைப் பெட்டியில் கொண்டுவர முடியாது என்பது அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும். அதற்காக அவர் பெட்டியைக் கைவிடவும் இல்லை, முடியாததை முடிந்ததாகக் காட்டவும் இல்லை. வழுகல் வரும் இடத்தில் இரண்டு கட்டைகளையும் ஒரு நொடி சேர்த்துப் பிடித்து, துருத்தியின் காற்றைக் குறைத்து, கேட்பவர் காதே அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும்படி விடுவார். பாயில் படிப்படியாக ஏறும் எழுத்தைக் கண் வளைத்துக்கொள்வதாக அவர் சொன்னதும் இதுவும் ஒன்றே என்பது எனக்கு மிகவும் பின்னால்தான் விளங்கியது.

இந்தக் கமக ஏக்கம் அவருடைய எழுத்தில் போய்ச் சேர்ந்தது என்பது என் துணிபு. அவர் எழுதிய ழகரத்தைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். அணில் முடித் தூரிகையை எனாமலில் தோய்த்து, விளிம்பில் வழித்து, மேலிருந்து இறக்கி, கீழ்ச் சுழியைத் தொடங்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். சுழி தடிப்பாகத் தொடங்கி, மெலிந்து, முடியும் இடத்தில் மீண்டும் சற்றே தடிக்கும். நடுவில் தூரிகையை எடுப்பதே இல்லை. நூல் பிடித்த நீலக் கோட்டின் மேல் எழுத்துகள் நிற்கும்; ஆனால் எழுத்துக்கு எழுத்து இடைவெளியை அளவுகோல் வைத்துப் பார்க்க மாட்டார். "ட"வுக்குப் பக்கத்தில் "ம" வந்தால் ஓர் இடைவெளி, "ர" வந்தால் வேறு இடைவெளி.

நான் தமிழாசிரியராகப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு எங்கள் பள்ளிச் சுவரில் திருக்குறள் எழுத வந்தபோதுதான் அவரோடு பழக்கம் ஏற்பட்டது. சாரத்தின் மேலிருந்து இறங்கி வந்து என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த இடத்தில் ஒற்று மிகுமா, மிகாதா என்பது. ஐந்தாம் வகுப்பு படித்த அந்த மனிதர் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருந்தார். எந்த ஊர்ப் பள்ளிக்கு வேலைக்குப் போனாலும் அங்குள்ள தமிழாசிரியரிடம் கேட்டுச் சந்தி விதிகளை எடுத்துக்காட்டோடு அதில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைப்பலகைக்கு எழுத்து எண்ணிக் கூலி பேசுவது அப்போதைய வழக்கம். ஆகவே "அரிசி கடை" போதும், நடுவில் அந்தக் "க்" எதற்கு என்று கடைக்காரர்கள் மறுப்பார்கள். அண்ணாச்சி வாதாட மாட்டார். "புள்ளி எழுத்துக்குக் காசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுதிவிடுவார். எங்கள் பக்கத்தில் "அரிசிக் கடை", "மருந்துக் கடை", "பாத்திரக் கடை" என்று ஒற்றுப் பிழையில்லாமல் பலகைகள் இருந்தன என்றால், அந்த ஒற்றுகள் எல்லாம் ஒருவர் தம் கூலியை விட்டுக்கொடுத்து எழுதியவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வல்லினம் மிகும் இடங்களை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் எழுதிய பலகைகளைக் காட்டி நடத்திய பாடமே மாணவர்கள் மனத்தில் நின்றது.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை போன்ற முன்வளைவு போய் இன்றைய வடிவம் வந்தது. ணா, றா, னா முதலியவையும் மாறின. பள்ளிக்கூட, அலுவலகப் பலகைகளை எல்லாம் மாற்றி எழுத அண்ணாச்சிக்கு ஓராண்டு முழுக்க வேலை இருந்ததாம். புதிய வடிவத்தை அவர் வரவேற்றார், பிள்ளைகளுக்கு எளிது என்பார். ஆனால் பழைய "லை"யின் தும்பிக்கையை எழுதும்போது கைக்குக் கிடைத்த சுகம் புதியதில் இல்லை என்றும் சொல்வார்.

பகலில் சுவர், இரவில் வில்லுப்பாட்டு. நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டை நாடறியச் செய்தவர், சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் அவர்கள். அவர் மேடையிலும் வானொலியிலும் வளர்த்த கலை, ஊர்க் கோயில்களில் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முன்னால் வேறொரு வேகத்தோடு இன்றும் நடந்து வருகிறது. வில்லின் மணிகளும் உடுக்கையும் குடமும் சேர்ந்து முழங்கும் அந்த இடத்தில் ஆர்மோனியக்காரர் செய்யும் வேலை வெளியே தெரியாது. கொடையின் தொடக்கமாகச் சாமியை அழைக்கும் குடியழைப்பு அன்று மாலை தொடங்கிய பாட்டு மறுநாள் நள்ளிரவுப் பூசையான சாமக் கொடையை நெருங்கும்போது, முதன்மைப் பாடகரான புலவரின் தொண்டை கட்டிப்போயிருக்கும். அவரையறியாமல் குரல் அரைக் கட்டை கீழே இறங்கும். அந்தக் கணத்திலேயே அண்ணாச்சியின் விரல்கள் பாட்டை நிறுத்தாமல், புலவருக்கே தெரியாமல், அரைக் கட்டை இறங்கிவிடும். சாமியாட்டம் உச்சத்துக்குப் போகும்போது ஒருசேர மேலேறும். கோயில் சுவருக்கு வண்ணம் பூசி மாடன் மீசையை எழுதி முடித்தவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார். மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு நேரே பெட்டியின் முன் உட்கார்வார். அவருடைய ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அடிக்கடி விரல் படும் மத்திமத்திலும் பஞ்சமத்திலும்தான் வண்ணம் அதிகம். கிறிஸ்துமஸ் மாதத்தில் அதே பெட்டி தேவாலயப் பாடகர் குழுவோடு வீதி வீதியாகச் சென்றது. அதே கை ஆலயச் சுவரில் வேத வசனம் எழுதியது. இசுலாமியர் மிகுதியாக வாழும் மேலப்பாளையத்துக் கடைப்பலகைகளிலும் மூன்று கோரையைப் பார்க்கலாம்.

ஒருமுறை என்னைத் திருப்புடைமருதூருக்கு அழைத்துச் சென்றார். நாறும்பூநாதர் கோயில் இராசகோபுரத்தின் உள்தளங்களில் பழைய சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் இருப்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். அனுமதி பெற்று ஏறினோம். கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் காட்சியின் முன்னால் அவர் அரை மணி நேரம் நின்றார். முகம் சுவரை ஒட்டும் அளவுக்குக் கிட்டே போய், "இந்தக் கோடு ஒரே இழுப்பு சார்வாள், எங்கேயும் எடுத்து வைக்கல, பாத்தியளா" என்று ஒரு குதிரையின் முதுகுக் கோட்டைக் காட்டினார். பிறகு வலது கீழ் மூலையைப் பார்த்தார். பெயர் ஏதும் இல்லை. சிரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

2000ஆம் ஆண்டுக்குப் பின் ஃபிளெக்ஸ் வந்தது. அதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. எல்லா ஊரிலும் நடந்ததே எங்கள் ஊரிலும் நடந்தது. ஐந்தாறு ஆண்டில் பலகை வேலை நின்று, வண்டி எண் எழுதுவதும் கோயில் வேலையும் மட்டும் மிஞ்சின. ஆனால் அவர் ஃபிளெக்ஸைப் பழித்து ஒரு சொல் சொன்னதில்லை. "காலண்டரும் அச்சுதானே, அதைப் பாத்துத்தானே நான் படிச்சேன்" என்பார். அச்சு எந்திரத்தின் மேல் எனக்கும் கோபமில்லை. எனக்குள்ள வருத்தம் வேறு.

அவருக்கு எழுபது கடந்தபின், மூத்த கலைஞர்களைப் பாராட்டும் விழா ஒன்றுக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்க நானும் சில நண்பர்களும் முயன்றோம். அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் எங்களை நிறுத்திவிட்டன. ஒன்று கலைப்பிரிவு: ஓவியமா, இசையா, ஒன்றை மட்டும் குறிக்க வேண்டும். மற்றொன்று குருவின் பெயர். அண்ணாச்சியிடம் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "பத்தமடைப் பாய்னு எழுதுங்க" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. அப்படியே எழுதினேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. கேலி செய்வதாக எண்ணிவிட்டார்கள் என்று பின்னர் அறிந்தேன். நேரில் போய் விளக்கியபோது, பெயிண்டருக்கெல்லாம் இந்த விழாவில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அந்தச் சொல் இன்றும் என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது.

தாமே கற்றவர்களை நம் நாடு போற்றாமல் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றிய இரவீந்திரநாத் தாகூர், எந்த ஓவியப் பள்ளியிலும் பயிலாமல் அறுபது வயதைக் கடந்தபின் தீவிரமாக வரையத் தொடங்கி, 1930இல் பாரிசில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். குருவிடம் முறையாகப் பயிலாமல் தாமே வீணை கற்று உலகப் புகழ் பெற்றவர் எஸ். பாலசந்தர்; 1982இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது. அவருடைய அண்ணன் எஸ். ராஜம் பாடகராகவும் ஓவியராகவும் ஒருங்கே விளங்கி, கர்நாடக இசை மும்மூர்த்திகளின் உருவத்தை நமக்கு வரைந்து தந்தார். ஒருவரே இரு கலையில் நிற்கலாம், குரு இல்லாமலும் கலை கைவரலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எங்கள் அண்ணாச்சியை இவர்களோடு வைத்து அளக்க நான் வரவில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது அளந்து பார்க்கும் வாய்ப்பே என்பதைத்தான் சொல்கிறேன்.

மாவட்டந்தோறும் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று வயது வாரியாகக் கலைஞர்களுக்கு அரசு விருது வழங்கி வருவது நல்ல ஏற்பாடு. இத்தகைய விருதுகளும் உதவிகளும் எங்கே வழங்கப்பட்டாலும், தாமே கற்றவர், ஒன்றுக்கு மேற்பட்ட கலைகளில் ஈடுபட்டவர் என்று குறிப்பதற்கு விண்ணப்பத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும். மாவட்ட எல்லையையும் கருத வேண்டும். பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்தன. அண்ணாச்சி பிறந்த கடையம் பகுதி இன்று தென்காசியில், வாழ்ந்த சேரன்மகாதேவி திருநெல்வேலியில், அவர் கொடைக்கு வாசித்த ஊர்களில் பாதி தூத்துக்குடியில் இருக்கின்றன. மூன்று மாவட்டத்துக் கலைஞர் எந்த மாவட்டத்துக்கும் உரியவராக இல்லாமல் போய்விடக் கூடாது.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நெல்லைப் பதிப்பில் வாரம் ஒரு நாள், கையால் எழுதிய பழைய பலகை அல்லது சுவர் ஒன்றின் புகைப்படத்தை, அது இருக்கும் ஊரோடும் எழுதியவரைப் பற்றிய குறிப்போடும் வெளியிடுங்கள். வாசகர்களே அனுப்புவார்கள். எங்கள் அண்ணாச்சியைப் போன்றவர்கள் சங்கரன்கோவிலிலும் வள்ளியூரிலும் திருச்செந்தூரிலும் கட்டாயம் இருந்திருப்பார்கள், சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் கொடைக்கு வாசிக்கும் ஆர்மோனியக்காரர்களின் வாசிப்பை, கைப்பேசியிலாவது, முழு இரவும் பதிவு செய்து வைக்குமாறு ஊர்க் கோயில் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் இத்தகைய பலகைகளுக்கென ஒரு சுவரையேனும் ஒதுக்குமானால், தம்மிடம் உள்ள பலகைகளைத் தரக் கடைக்காரர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதை நான் நேரில் கேட்டு அறிந்திருக்கிறேன். அண்ணாச்சியின் ஆர்மோனியம் அவர் மகள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. கட்டைகளில் உள்ள வண்ணத்தைத் துடைத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நானும் என் பழைய மாணவர்கள் இருவரும் இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மூன்று கோரை இருப்பதைக் கண்டு படமெடுத்திருக்கிறோம். பட்டியலையும் படங்களையும் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பத் தயாராக உள்ளேன். ஆனால் அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அவசரம் இருக்கிறது. காருகுறிச்சியில் ஒரு பழைய கடையின் வாசற்படிக்கு மேலே "வெற்றிலை பாக்குக் கடை" என்று அண்ணாச்சி தம் இளமையில் எழுதியது அப்படியே நிற்கிறது. தும்பிக்கை வைத்த பழைய "லை", கூலி வாங்காமல் எழுதிய "க்", மூலையில் மூன்று கோரை என எல்லாம் அதில் இருக்கின்றன. பலகையில் எழுதாமல் சுண்ணாம்புச் சுவரிலேயே எழுதியிருப்பதால் பெயர்த்தெடுக்க வழியில்லை. கட்டடத்தை இடித்துக் கட்ட உரிமையாளர் முடிவு செய்துவிட்டார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கூரை அவ்வளவு பழுதாகிவிட்டது. தைப்பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்குகிறது. தங்கள் புகைப்படக் கலைஞர் அதற்குள் ஒரு நாள் வந்து அதை முறையாகப் படமெடுத்துத் தர வேண்டும். காலை 8 மணி முதல் 10 மணி வரை அந்தச் சுவரில் வெயில் நேராக விழும். எந்த நாளில் வந்தாலும் நான் காருகுறிச்சி இரயில் நிலையத்தில் காத்திருந்து அழைத்துச் செல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சேரன்மகாதேவி,
திருநெல்வேலி மாவட்டம்.